67 அடி ஏன் என்று கேட்ட பெண்ணுக்கு

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் என் ஊர். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், கணிதம்-உயிரியல் பிரிவு. மலை, ஆறு, மழை, மண் இவற்றைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. பி.எஸ்ஸி. புவியியல் சேரலாமா? அண்ணன் பி.சி.ஏ. சேரச் சொல்கிறார். "அது மனப்பாடப் பாடம், அதற்கு எதற்கு மூன்று வருடம்" என்கிறார். அப்பா வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறார். மலையும் ஆறும் மட்டும் படித்தால் போதுமா, மக்கள்தொகை, நகரம் எல்லாம் படிக்க வேண்டுமா? எனக்குக் கணக்கு சுமார்தான். வெயிலில் அலையும் வேலையாமே, பெண்களால் முடியுமா? இன்னொன்று: எங்கள் ஊர்ப் பக்கம் 58 கிராமக் கால்வாய் வருகிறது. வைகை அணையில் 67 அடி வந்தால்தான் அதில் தண்ணீர் விடுவார்கள். ஏன் 67 என்று சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், யாரும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன்னால் இருக்கும் கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. உங்கள் 58 கிராமக் கால்வாய் அணையிலிருந்து கிளம்பி உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கு வர வேண்டும். நடுவில் மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையிலேயே சரிந்து ஓடி வர வேண்டும். போகும் வழியெல்லாம் கால்வாய் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை இழந்துகொண்டே வரும். கடைசிக் கண்மாயின் வாய்க்கு வரும்போதும் அது கண்மாயைவிட மேலே இருந்தாக வேண்டும். அப்படியென்றால் புறப்படும் இடம் உயரமாக இருக்க வேண்டும். அதனால்தான் கால்வாயின் தலை அணையில் அவ்வளவு மேலே வைக்கப்பட்டிருக்கிறது. நீர்மட்டம் அந்த உயரத்தைத் தொட்டால்தான் வாய்க்காலுக்குள் தண்ணீர் ஏறும். வழியில் ஒரு பள்ளம் குறுக்கிட்டால் இறங்கி ஏற முடியாது, இறங்கினால் உயரம் போய்விடும். அதற்காகத்தான் தூண்கள் நிறுத்தித் தொட்டிப் பாலம் கட்டி அதன்மேல் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். நீ அதைப் பார்த்திருப்பாய்.

இதுதான் இயற்கைப் புவியியல். நிலத்தின் உயரம், சரிவு, அதன்மேல் விழும் மழை, ஓடும் நீர், அதை உறிஞ்சும் மண், அடியில் இருக்கும் பாறை இவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்ப்பது. உன் அண்ணன் சொல்லும் மனப்பாடம், பள்ளியில் இந்தப் பாடம் நடத்தப்படும் விதத்தைப் பார்த்து வந்த எண்ணம். அவர்மேல் தப்பில்லை. ஆறுகளின் பெயர், தலைநகரங்களின் பெயர், எந்த மாநிலத்தில் என்ன விளைகிறது என்று பட்டியல் ஒப்பித்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். ஆனால் "67 அடி ஏன்" என்ற கேள்வியை மனப்பாடம் செய்து யாரும் விடை சொல்லிவிட முடியாது.

இருபத்தைந்து வருடமாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். நடுவில் சில வருடம் நிலவரைபட வேலையிலும் இருந்தேன். அந்தப் பழக்கத்தில், எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சேரலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் எதை நம்பிச் சேர்கிறாய் என்பது தெளிவாக இருக்கட்டும்.

முதலில், நம் ஊரில் இயற்கைப் புவியியல் மட்டும் தனி இளநிலைப் பட்டமாகக் கிடைக்காது. பி.எஸ்ஸி. புவியியல் என்றால் எல்லாம் சேர்ந்ததுதான். நிலவடிவங்கள், காலநிலையியல், கடலியல், மண், உயிர்ப்புவியியல் ஒரு பக்கம். மக்கள்தொகை, குடியிருப்பு, வேளாண்மை, பொருளாதாரப் புவியியல் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் பொதுவாக நிலவரைபடம் வரைதல், நில அளவை, புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வு, கணினியில் வரைபடத்தோடு தரவைச் சேர்த்துப் பார்க்கும் ஜிஐஎஸ். நீ மலையையும் ஆற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்க நினைக்காதே. மதுரையைச் சுற்றி அப்படிப் பிரிக்கவே முடியாது. கண்மாய் இயற்கையா, மனிதர் செய்ததா? கரை மனிதர் போட்டது. ஆனால் அந்தக் கரை எங்கே வளைய வேண்டும் என்று சொன்னது நிலத்தின் சரிவு. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அந்த வரத்துக்காலை யாராவது அடைத்து வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபரில் ஒரே மாலையில் கொட்டிய மழைக்குப் பிறகு செல்லூரிலும் நரிமேட்டிலும் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு மழை எவ்வளவு பெய்தது என்ற கணக்கும் வேண்டும், பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்ற கணக்கும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. நீ அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்பது என் ஆசை.

பாடம் எப்படி இருக்கும் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், உன் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உங்கள் பக்கம் அந்தக் காற்றில் நின்றவர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை. அதே நாட்களில் மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை ஊற்றிக்கொண்டிருக்கும். ஒரே காற்றுதான். கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, ஈரம் மழையாக விழுந்துவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ். அதனால்தான் ஆடியில் முகத்தில் அடிப்பது வறண்ட காற்று. ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அந்தக் காற்றுக்காகத்தான். நமக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. மலைக்கு மறைவில் நாம் இருக்கிறோம் என்ற ஒரே காரணத்திலிருந்து நம் பயிர், கண்மாய், பஞ்சம், வேலை தேடிப் போன வழி எல்லாம் கிளம்புகின்றன.

அதே மலையை மனிதர் மீறிய கதையும் உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. 1895-இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்தபோது நடந்தது என்னவென்றால், நீர்ப்பிரி மேட்டைக் குடைந்து அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மழை விழும் துளி எந்தப் பக்கம் ஓடும் என்று தீர்மானிக்கும் மேட்டைத்தான் நீர்ப்பிரி மேடு என்கிறோம். அது பெரிய மலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் தாலுகாவிலேயே வைகைக்குப் போகும் தண்ணீருக்கும், திருமங்கலம் வழியாகப் போகும் குண்டாற்றுக்கான தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அதைத் தாண்டுகிறோம், தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்க முயன்று பார்.

பாறையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒத்தக்கடை யானைமலையைப் பார்த்திருப்பாய். உலகத்தில் எங்கோ இருக்கும் நிலவியல் அறிஞர்களும் 'மதுரை பிளாக்' என்ற பெயரைத் தங்கள் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். நம் ஊரைச் சுற்றியிருக்கும் பாறைத் தொகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறைகள். அந்த வேக்காடு கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒட்டிக்கொண்ட காலத்தில். அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று நம் கண்முன் நிற்கிறதென்றால் அதன்மேல் இருந்த அத்தனை கனமும் மழையாலும் வெயிலாலும் ஆற்றாலும் அரித்துப் போயிருக்க வேண்டும். மேல் பாரம் போன பாறை விரிகிறது, விரியும்போது வெங்காயத் தோல் மாதிரி தகடு தகடாக உரிகிறது. யானைமலையின் வழவழப்பான முதுகு அப்படி வந்ததுதான். அரிட்டாபட்டிக் குன்றுகளில் ஏறினால் உரிந்த தகடுகள் சரிவில் நழுவி நிற்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அந்த வெடிப்புகளில் ஊறி நிற்கும் நீர்தான் சுனை. 2022-இல் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்புறம் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள், மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் டீக்கடையில் வரைபடத்தை விரித்துவைத்து, எல்லைக் கோடு எந்தக் கண்மாயைத் தொடுகிறது, எந்தக் குன்றை வெட்டுகிறது என்று விரல் வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். வரைபடம் படிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அன்றைக்கு எனக்கு இன்னொரு முறை உறைத்தது.

சரி, கணக்குக்கு வருவோம். உன் பயம் நியாயம்தான், ஆனால் அளவுக்கு மீறியது. இந்தப் படிப்புக்குத் தேவைப்படுவது பத்தாம் வகுப்பு முக்கோணவியல், அளவுமாற்றம், விகிதம், சராசரி, திட்டவிலக்கம், இரண்டு விஷயங்களுக்கு நடுவில் உள்ள தொடர்பைக் கணக்கிடுவது. அதற்குமேல் தேவைப்பட்டால் அங்கேயே கற்றுத் தருவார்கள். கணக்கைப் புத்தகத்திலிருந்து பிடித்தால் உனக்கு வராது போலிருந்தால் மழையிலிருந்து பிடி. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அப்படியென்றால் 10 மில்லிமீட்டர் மழையில் உங்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் விழுவது 40,000 லிட்டருக்குமேல். இதில் எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு ஓடையில் ஓடியது, எவ்வளவு ஆவியானது? திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஒரு விடை, உங்கள் செம்மண்ணில் இன்னொரு விடை. நீரியலில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான்.

ஆனால் கணக்கைவிட எனக்குக் கவலை வேறொன்று. களத்துக்குப் போகாமல் கணினித் திரையிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பது. அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களில் பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும் விதத்தில் நிறம் கொடுத்திருப்பார்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கையில் ஓரிடத்தில் அடர்த்தியாகச் சிவப்பு. பாசன வயல் என்று குறித்துவிட்டேன். சரிபார்க்க நேரில் போனபோது அது கண்மாய். உள்வாய் முழுவதும் சீமைக்கருவேலம். மரத்தின் வேர் ஆழத்திலிருந்து நீரை இழுத்து, எல்லாம் காய்ந்த கோடையிலும் இலையைப் பச்சையாக வைத்திருந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை நான் நெல் விளையும் இடமாக எழுதிவைத்திருந்தேன். அந்த வரைபடம் அப்படியே போயிருந்தால், அந்தக் கண்மாயைத் தூர்வார வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றியிருக்காது. அன்றிலிருந்து என் மாணவர்கள் ஒருவரையும் நேரில் பார்க்காத இடத்துக்கு நிறம் தீட்ட விட்டதில்லை.

இன்னொன்றும் அதே வருடம் கற்றேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 1 கிலோமீட்டர். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நம் கண்மாய்ப் பகுதியில் ஊர் விட்டு ஊர் போனாலும் அடுத்த கோடு வராத அளவுக்கு நிலம் தட்டை. இரண்டு கண்மாய்களில் எது எதற்கு மேல் என்று வரைபடம் சொல்லாது. மேலூர்ப் பக்கம், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் ஒரு நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் என்னைக் கரையோடு நடத்திக் கூட்டிப்போய், உபரி நீர் வழியும் கலுங்கில் நிறுத்தி, தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும் என்று கையால் காட்டினார். அவர் அளவுகோல் பிடித்தவர் இல்லை. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் போவதைக் கூடவே நடந்து பார்த்தவர். நிலமட்டம் பார்க்கும் கருவியை எடுத்துப் போய் அளந்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. நீ படிக்கப்போகும் பாடத்துக்கு இப்படிப்பட்டவர்கள் எல்லாம் ஆசிரியர்கள். உன் அப்பாவும் அவர்களில் ஒருவராக இருப்பார் என்று நினைக்கிறேன்.

வெயிலைப் பற்றி. ஆம், அலைய வேண்டும். பெண்களால் முடியும், நான் செய்தேன், என்னிடம் படித்த பெண்கள் செய்கிறார்கள். இரண்டு மூன்று பேராகப் போவது, விடியற்காலையில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் முடிப்பது, ஊராட்சித் தலைவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ முன்னாலேயே சொல்லிவிடுவது, வனத்துறைப் பகுதியென்றால் அனுமதி வாங்குவது, நிறையத் தண்ணீர், முழுக்கைச் சட்டை, நல்ல செருப்பு. கிராமத்துப் பெண்ணாக இருப்பது இதில் உனக்கு ஒரு அனுகூலம். வயலில் வேலை செய்யும் பெண்கள் ஆண்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றுகிறது என்று குடம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது உன் அப்பாவின் கேள்வி. இங்கே நான் மிகவும் நேராகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள்.

புவியியல் வேறு, பாறையையும் தாதுவையும் படிக்கும் நிலவியல் வேறு. ஒலி ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் என்று தமிழில் எழுதப்படும் ஜிஎஸ்ஐ உண்மையில் நிலவியலுக்கானது. அதன் நிலவியலாளர் பணிக்கு யுபிஎஸ்சி நடத்தும் தேர்வை எழுத நிலவியலிலோ அதை ஒட்டிய பாடத்திலோ முதுகலை வேண்டும். புவியியல் பட்டம் அங்கே செல்லாது. நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்நிலவியலாளர் பணியும் அப்படித்தான். வானிலை ஆய்வு மையத்தின் அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியல், கணினி, மின்னணுவியல் போன்ற பட்டங்களைத்தான் கேட்கிறார்கள். பாறையும் தாதுவும்தான் உன் முதல் காதல் என்றால், நீ அறிவியல் பிரிவு படித்தவள், பி.எஸ்ஸி. நிலவியலுக்கே போகலாம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் திருச்சி நேஷனல் கல்லூரியிலும் அந்தத் துறை இருக்கிறது. உன் கடிதத்தில் பாறையைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்கிறது. அதனால்தான் புவியியல் என்கிறேன்.

புவியியல் பட்டத்துக்கு எவை திறக்கும்? மிகவும் உறுதியான வழி பள்ளி ஆசிரியர் வேலை. பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதி பட்டதாரி ஆசிரியராகலாம், முதுகலையும் முடித்தால் மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். இதைச் சின்ன வேலையாக நினைக்காதே. உன் ஊர்ப் பிள்ளை ஒன்று 67 அடி ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். அடுத்தது ஜிஐஎஸ், தொலையுணர்வு வேலைகள். குடிநீர்த் திட்டம், சாலை, மின்சாரம், காப்பீடு, வேளாண்மை, பேரிடர் மேலாண்மை என்று பல துறைகளில் வரைபடத்தோடு தரவைச் சேர்த்துப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. ஆனால் தொடக்க வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் திரைமுன் உட்கார்ந்து படத்தின்மேல் கோடு இழுப்பது. என் மாணவி ஒருத்தி ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் ராப்பகலாகக் கட்டடங்களின் ஓரத்தை மட்டும் வரைந்துகொண்டிருந்தாள். அறை வாடகை போகச் சம்பளத்தில் கையில் நின்றது கொஞ்சம், கண் வலி மட்டும் நிறைய. அவள் வெளியே வந்தது புதிதாக இரண்டு விஷயம் கற்றுக்கொண்டதால். பைத்தான் நிரல், அப்புறம் நீரியல். இன்று வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கும் குழுவில் இருக்கிறாள். பட்டம் மட்டும் உன்னை அந்த முதல் படியில் நிறுத்திவிடும். மேலே ஏற ஒரு கருவியும் ஒரு ஆழமான பாடமும் கையில் வேண்டும்.

அதனால் முதுகலை வரை போவேன் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை பழமையானது. வெளியே போகத் துணிந்தால் டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் டெல்லிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். கட்டணம் குறைவு, ஆனால் இங்கிலீஷில் எழுதிப் பழக வேண்டும். அதை முதல் வருடத்திலேயே தொடங்கு. போட்டித் தேர்வு எழுதப் புவியியல் உதவும் என்பது உண்மை. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் கலெக்டராவதற்காக மட்டும் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் இரண்டாம் வருடத்திலேயே சோர்ந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் காரணத்துக்காகச் சேராதே.

உன் அண்ணன் பி.சி.ஏ. என்று சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. கணினி தெரியாத புவியியலுக்கு இன்று மதிப்புக் குறைவு. அவரிடம் சண்டை போடாமல் உதவி கேள். க்யூஜிஐஎஸ் என்று ஒரு வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அவரோடு சேர்ந்து கணினியில் ஏற்று. இஸ்ரோவின் இணைய வரைபடத் தளமான புவனைத் திற. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து எடுத்த படங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. 2015-லிருந்து சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கண்மாயை ஆவணியில் ஒரு படம், மார்கழியில் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) இணையத்தில் இலவசமாகவே வகுப்புகள் நடத்துகிறது, கல்லூரியில் சேர்ந்த பிறகு அவற்றில் சேர்ந்துகொள்.

கல்லூரியைப் பொறுத்தவரை மதுரையைச் சுற்றி இந்தப் பாடம் இருக்கும் இடங்கள் குறைவு. வெளியூர் போக வீட்டில் சம்மதித்தால் சென்னையில் மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி மூன்றிலும் புவியியல் துறை இருக்கிறது. மூன்றும் அரசுக் கல்லூரிகள், பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி சேர்க்கை, கட்டணம் உன் அப்பாவை நெருக்காது. விடுதி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம், தயங்காமல் குறி. எந்தப் பிளஸ் டூ பிரிவுக்கு எந்தப் பாடம் என்பதை விவரக் கையேட்டில் ஒருமுறை படித்துவிடு. சேரும் முன் அந்தத் துறையில் படிக்கும் அக்கா ஒருவரைப் பிடித்து இரண்டே விஷயம் கேள்: கடந்த வருடம் எத்தனை நாள் களப்பயணம் போனீர்கள், கணினி ஆய்வகத்தில் உங்களைத் தொட விடுகிறார்களா. கட்டடம், பெயர், பழம்பெருமை எதையும்விட இந்த இரண்டு பதில்களுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை தருகிறேன். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, சாயாமல் நிறுத்து. தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் வைத்து அதில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று நோட்டில் எழுதி, கொட்டிவிடு. எட்டரை மணி ஏனென்றால் நாடு முழுக்க மழை அளப்பது அந்த நேரத்தில்தான். மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுது, விட்டுவிடாதே. அப்புறம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு 58 கால்வாய் உங்கள் கண்மாயில் சேரும் இடத்திலிருந்து கரையோடு நடந்து மடை, கலுங்கு, வரத்துக்கால், எங்கே அடைந்திருக்கிறது, எங்கே கருவேலம் என்று ஒரு தாளில் வரைந்து எடு. பழைய வரிசையில் உசிலம்பட்டி வரும் சர்வே வரைபடத்தின் எண் 58 ஜி/13. அது கிடைத்தால் உன் தாளோடு ஒப்பிட்டுப் பார். வரைபடத்தில் இல்லாத எத்தனை விஷயம் உன் தாளில் இருக்கிறது என்று அப்பாவே எண்ணிச் சொல்லட்டும்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் எந்தக் கல்லூரி, விடுதி கிடைத்ததா என்று எழுது. அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்து அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்.